பாரம் 4 எட் மேத்ஸ்: இந்த டிசம்பர் லீவுல பிள்ளைய எதைப் படிக்க வைக்கலாம்?

பிறை_அம்மா
வணக்கம் எல்லாருக்கும். என் மக பாரம் 3 (மலேசிய இடைநிலைப்பள்ளியில மூணாவது வருஷம்) முடிச்சுட்டா, 2026 ஜனவரி 12 பள்ளி திறந்ததும் பாரம் 4. ஸ்டெம் பேக்கேஜ் கிடைச்சிருக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயோ, கூடவே எட் மேத்ஸ் (அடிஷனல் மேத்தமேட்டிக்ஸ், கூடுதல் கணிதம்). யுஏஎஸ்ஏல (வருஷக் கடைசிப் பரீட்சை) கணக்குக்கு பி வாங்கினா, மோசம்னு சொல்ல முடியாது, ஆனா எட் மேத்ஸ்னு பேச்செடுத்தாலே அவ மூஞ்சி மாறிடுது, ஏன்னா பள்ளியில சீனியருங்க அவ்ளோ பயமுறுத்தி வச்சிருக்காங்க. நானும் அவங்க அப்பாவும் எட் மேத்ஸ் படிச்சவங்க இல்ல, வீட்ல உக்காந்து சொல்லிக்குடுக்க ஆளில்ல.

இங்க பக்கத்துல ஒரு டியூஷன் சென்டர்ல லீவு கிராஷ் கோர்ஸ் போடுறாங்க. பள்ளி திறக்கிறதுக்குள்ள முதல் மூணு சாப்டர் முடிச்சுத் தர்றோம்னு சொல்றாங்க. சேத்துவிடலாமா, இல்ல வீட்லயே ஏதாச்சும் செய்ய வைக்கலாமா? அவ தமிழ்ப்பள்ளியில படிச்சு வந்தவ, இப்ப கணக்கு மலாய்லதான் படிக்கிறா, டிஎல்பி கிளாஸ் (கணக்கு, சயின்ஸை இங்கிலீஷ்ல நடத்தறது) இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க, லீவு மூணு வாரம்தான் இருக்கு.

செந்தூல்_அப்பா
யோசிக்காதீங்க சிஸ்டர், சேத்துவிடுங்க. என் பெரியவன் போன லீவுல இப்படித்தான் கேஎல்ல ஒரு கிராஷ் கோர்ஸ் போனான். பங்ஷன்ஸ் (சார்புகள்), குவாட்ரடிக் (இருபடி), சைமல்டேனியஸ் (ஒருங்கமை சமன்பாடு) மூணும் முடிச்சிட்டுத்தான் பாரம் 4 உள்ள போனான். கிளாஸ்ல சிக்கு (வாத்தியார்) போர்டுல எழுதறப்பவே இவன் ஆன்சர் சொல்லிடுவான், அதுல வந்த தைரியம் வருஷம் பூரா நின்னுச்சு. பிள்ளைங்களுக்கு பயம் போறதுதான் முக்கியம், முன்கூட்டி பாத்துட்டா பயம் போயிடும்.

பாகான்_அக்கா
எனக்கும் இதே கேள்விதான், என் பையனும் பாரம் 4 போறான். ஃபாலோ பண்றேன்.

எட்மேத்ஸ்_டீச்சர்
பிறை அம்மா, நான் பினாங்கு மெயின்லேண்ட்ல ஒரு இடைநிலைப்பள்ளியில ரொம்ப வருஷமா எட் மேத்ஸ் சொல்லிக்குடுக்கிறேன். என் கருத்தை நேராவே சொல்லிடறேன்: இந்த மூணு வாரத்துல பாரம் 4 சாப்டரைத் தொட வேணாம், குறைஞ்சது முதல் ரெண்டு வாரம் வேணவே வேணாம். பாரம் 1, 2, 3-ல வந்த அல்ஜீப்ராவைத் திருப்பி எடுங்க, அது மட்டும் போதும்.

ஏன்னு சொல்றேன். எட் மேத்ஸ்ல ஃபெயிலாகிற பேப்பரைத் திருத்துறப்ப பாத்தீங்கன்னா பிள்ளை எட் மேத்ஸ்ல தப்பு பண்ணியிருக்காது. பங்ஷன் என்னன்னு தெரியும், லாகரிதம் ரூல் மனப்பாடமா தெரியும், முதல் வரி சரியா எழுதியிருக்கும். ரெண்டாவது வரியில பிராக்கெட் விரிக்கிறப்ப மைனஸ் விட்டுப்போயிருக்கும், இல்ல பின்னத்துல மேலயும் கீழயும் பாதியை மட்டும் வெட்டியிருக்கும். அங்கேர்ந்து கீழ உள்ள எல்லாமே போச்சு. பிள்ளை வீட்டுக்குப் போய் எனக்கு எட் மேத்ஸ் வரலன்னு சொல்லும், அப்பா அம்மா பாரம் 4 டியூஷன் இன்னும் ஒண்ணு சேப்பாங்க, அந்த மைனஸ் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரு உதாரணம் முழுசா போட்டுக் காட்டறேன், பாரம் 4 முதல் சாப்டர்லயே வர்ற இன்வர்ஸ் பங்ஷன் (நேர்மாறு சார்பு). எஃப் ஆஃப் எக்ஸ் = (2எக்ஸ் + 1)/(எக்ஸ் − 3), இதோட இன்வர்ஸ் கண்டுபிடிக்கணும். இதுல பாரம் 4 விஷயம் எவ்ளோ இருக்கு பாருங்க.

ஒய் = (2எக்ஸ் + 1)/(எக்ஸ் − 3)னு எழுதறது, அது மட்டும்தான் பாரம் 4.
ஒய்(எக்ஸ் − 3) = 2எக்ஸ் + 1, கீழ இருக்கிறதைப் பெருக்கி மேல கொண்டு போறது, பாரம் 1.
ஒய்எக்ஸ் − 3ஒய் = 2எக்ஸ் + 1, பிராக்கெட் விரிக்கிறது, பாரம் 2.
ஒய்எக்ஸ் − 2எக்ஸ் = 3ஒய் + 1, எக்ஸ் உள்ளதெல்லாம் ஒரு பக்கம்.
எக்ஸ்(ஒய் − 2) = 3ஒய் + 1, எக்ஸை வெளிய எடுக்கிறது, இது ஃபேக்டரைசேஷன், பாரம் 2 சாப்டர் 2.
எக்ஸ் = (3ஒய் + 1)/(ஒய் − 2). கடைசியில ஒய் இருக்கிற இடத்துல எக்ஸ் போட்டா அதுதான் இன்வர்ஸ்.

முக்கால்வாசிப் பிள்ளைங்க நாலாவது வரியில நின்னுடுவாங்க. எக்ஸ் ரெண்டு இடத்துல இருக்கே, எப்படி ஒண்ணாக்கறதுன்னு முழிப்பாங்க. சிலது ஒரு எக்ஸை இந்தப் பக்கம் வச்சுக்கிட்டு இன்னொண்ணை அந்தப் பக்கம் விட்டுட்டு எக்ஸ் = ன்னு எழுதி முடிச்சிடும், விடையிலயும் எக்ஸ் இருக்கும். இது பாரம் 2 சாப்டர் 3-ல ஃபார்முலாவைத் திருப்பி எழுதறதுன்னு ஏற்கனவே வந்ததுதான், அங்க ஒழுங்கா பழகாம வந்தா இங்க மாட்டும்.

கிராஷ் கோர்ஸ்ல இந்தக் கணக்கை ஒரு ஷார்ட்கட்டா சொல்லிக்குடுத்துடுவாங்க, மேல கீழ நம்பரை இடம் மாத்து, சைன் மாத்துன்னு. டிசம்பர்ல விடை வரும். மார்ச்ல சிக்கு கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டா வராது. அதனாலதான் சொல்றேன்.

பிறை_அம்மா
டீச்சர் ரொம்ப நன்றி, எனக்கே கொஞ்சம் புரியுது இப்ப. ஆனா பாரம் 1, 2, 3-ன்னா எவ்ளோ சாப்டர், எல்லாத்தையும் திருப்பணுமா? அதுவுமில்லாம புக்கெல்லாம் வருஷக் கடைசியில பள்ளியில திருப்பிக் குடுத்தாச்சு, எஸ்பிபிடி புக்கு (பள்ளி இரவல் குடுக்கிற பாடநூல்) இல்லையா, கையில ஒண்ணுமே இல்ல.

எட்மேத்ஸ்_டீச்சர்
எல்லாம் வேணாம்மா. ஐசோமெட்ரி, பிளான் எலிவேஷன், லோக்கஸ், சேமிப்பு முதலீடு இதெல்லாம் இப்ப விட்டுடுங்க. எதுக்கு எது வேணும்னு மட்டும் சொல்றேன்.

பாரம் 1-ல சாப்டர் 5, 6. அல்ஜீப்ரா எக்ஸ்பிரஷன், லீனியர் ஈக்குவேஷன். பாரம் 2-ல சாப்டர் 2, 3, இதுதான் எல்லாத்துக்கும் மேல, லீவுல பாதி நேரம் இங்கயே போனாலும் பரவால்ல. பாரம் 3-ல சாப்டர் 1 இண்டிசஸ் (அடுக்குகள்), இது பாரம் 4 சாப்டர் 4-ல சர்டோட லாகரிதத்தோட திரும்ப வரும். பாரம் 3 சாப்டர் 9 நேர்கோடு, ஒய் = எம்எக்ஸ் + சி, இது லீனியர் லாவுக்கும் கோ-ஆர்டினேட் ஜியோமெட்ரிக்கும் அப்படியே வேணும். டிரிகோ பாரம் 3 சாப்டர் 5 ஒரு நாள் பாத்தா போதும், முக்கோணச் சாப்டர் ஒன்பதாவதாத்தான் வருது.

புக்கு பத்திக் கவலப்படாதீங்க. மகளோட டெலிமா (கல்வி அமைச்சோட ஆன்லைன் தளம்) ஐடி இருக்கும் பாருங்க, பள்ளியில குடுத்தது, அதுல போனா பாடநூல் டிஜிட்டலா இருக்கு. அல்ஜீப்ரா பக்கங்கள மட்டும் பக்கத்துக் கடையில பிரிண்ட் எடுத்துக்கலாம், போன்ல பாத்துக்கிட்டே கணக்கு போடச் சொல்லாதீங்க. பின்னாடி ஆன்சர் இருக்கும், அதைத் தனியா கிழிச்சு நீங்க வச்சுக்குங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. கீழ ஏழு கணக்கு போடறேன். ஒரு வெள்ளைத்தாள் குடுத்து, கால்குலேட்டர் இல்லாம, நேரம் பாக்காம போடச் சொல்லுங்க. திட்டக்கூடாது. முடிச்சதும் விடை மட்டும் இல்லாம எந்த வரியில பிசகினான்னு எனக்கு இங்க எழுதுங்க.

1. (எக்ஸ் − 5)² விரிக்கவும்.
2. 6எக்ஸ்² − எக்ஸ் − 2, காரணிப்படுத்தவும்.
3. 3/(எக்ஸ் − 1) − 2/(எக்ஸ் + 2), ஒரே பின்னமா எழுதவும்.
4. ஒய் = (5எக்ஸ் − 2)/(எக்ஸ் + 4), எக்ஸை ஒய்ல எழுதவும்.
5. 9 பவர் எக்ஸ் = 27, எக்ஸ் என்ன?
6. (1, 2), (4, 11) வழியா போற நேர்கோட்டோட ஈக்குவேஷன்.
7. 2எக்ஸ் + 3ஒய் = 13, 5எக்ஸ் − ஒய் = 7. எக்ஸ், ஒய் ரெண்டும்.

செந்தூல்_அப்பா
டீச்சர், மரியாதையோட சொல்றேன், நான் ஒத்துக்க மாட்டேன். பழசையே திருப்பித் திருப்பி செய்யச் சொன்னா பிள்ளைக்கு சலிப்புதான் வரும். பாரம் 3 முடிச்ச பிள்ளைகிட்ட பாரம் 1 புக்கைக் குடுத்தா அதுக்கு என்னை மக்குன்னு நினைக்கிறாங்கன்னுதான் தோணும். புதுசா ஒண்ணு கத்துக்கிட்டா வர்ற உற்சாகம் வேற. என் மகன் விஷயத்துல அது வேலை செஞ்சுது, கண்ணால பாத்தேன்.

எட்மேத்ஸ்_டீச்சர்
அண்ணே, உங்க மகனுக்கு வேலை செஞ்சிருக்கும், நான் மறுக்கல. பாரம் 3-ல கணக்குக்கு என்ன வாங்கினார்?

செந்தூல்_அப்பா
ஏ. பிடி3 (பாரம் 3 பொதுப் பரீட்சை) எல்லாம் 2022-லயே எடுத்துட்டாங்களே, பள்ளி பரீட்சையிலதான். மூணு வருஷமும் ஏ.

எட்மேத்ஸ்_டீச்சர்
அதான் விஷயம். அவருக்கு அல்ஜீப்ரா கையில இருந்துச்சு, அதனால மூணு வாரத்துல மூணு சாப்டர் ஏறிடுச்சு. அந்த மாதிரிப் பிள்ளைக்கு முன்னாடி போறது நல்லதுதான், நானே சொல்லியிருப்பேன். மத்த பிள்ளைங்களுக்கு அந்த ஏழு கணக்குலயே தெரிஞ்சிடும். ஏழும் சுத்தமா வந்தா நாளைக்கே பாரம் 4 புக்கைத் திறக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்ல. வரலன்னா வராத இடத்தை மட்டும் சரி பண்ணணும், பாரம் 1 புக்கை அட்டைல இருந்து அட்டை வரைக்கும் யாரும் படிக்கச் சொல்லல.

மெட்ரிக்_பொண்ணு
ஆண்ட்டி, நான் போன வருஷம் எஸ்பிஎம் (பாரம் 5 முடிவுல வர்ற பொதுப் பரீட்சை) எழுதினேன், எட் மேத்ஸ் ஏ கிடைச்சுது, இப்ப மெட்ரிக்குலேஷன்ல (யூனிவர்சிட்டிக்கு முந்தின படிப்பு) இருக்கேன். ஜார்ஜ்டவுன் பக்கம் பள்ளி. பாரம் 4 ஆரம்பத்துல நான் டீச்சர் சொன்ன மாதிரி நாலாவது வரியில நிக்கிற ஆளுதான், முதல் டெஸ்ட்ல கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு எது உதவுச்சுன்னு சொல்றேன், தங்கச்சிக்கும் உதவலாம்.

காலையில எழுந்து போன் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், அவ்ளோதான். ராத்திரி செஞ்சா தூக்கத்துல சைன் தப்பாகும், அப்புறம் எரிச்சல் வரும். ஒரு வரியை மனசுலயே போட்டுட்டு அடுத்ததுக்குத் தாவாம எல்லா வரியும் எழுதணும், பேப்பர் வேஸ்டானாலும் பரவால்ல. தப்பான கணக்கு எல்லாம் தனி நோட்டுல ஏறணும், கேள்வி மட்டும், விடை எழுதக்கூடாது. ரெண்டு மூணு நாள் கழிச்சு அந்தக் கேள்வியை மறுபடி புதுசா போடணும். முதல் தடவ ஆன்சரைப் பாத்து ஓ இதானான்னு சொல்றது கத்துக்கிட்டதா கணக்கே இல்ல ஆண்ட்டி, மறுபடி வெறும் பேப்பர்ல வந்தாத்தான் வந்ததா அர்த்தம்.

இன்னொண்ணு, குவாட்ரடிக் வந்து மாடர்ன் மேத்ஸ் (எல்லாரும் படிக்கிற சாதாரண கணக்குப் பாடம்) பாரம் 4 முதல் சாப்டர்லயும் இருக்கு, எட் மேத்ஸ் ரெண்டாவது சாப்டர்லயும் இருக்கு. மாடர்ன்ல காரணிப்படுத்தி சால்வ் பண்றதோட நிறுத்திடுவாங்க, எட் மேத்ஸ்ல கம்ப்ளீட்டிங் த ஸ்கொயர், ஃபார்முலா எல்லாம் வரும். அதனால ஃபேக்டரைசேஷன் நல்லா வந்துட்டா ஜனவரி, பிப்ரவரி ரெண்டு பாடத்துக்கும் ஒரே நேரத்துல மூச்சு விடலாம்.

கம்ப்ளீட்டிங் த ஸ்கொயர்ல எல்லாரும் விழற இடம் ஒண்ணு சொல்றேன், பின்னாடி வர்றப்ப ஞாபகம் வச்சுக்கட்டும். 2எக்ஸ்² − 12எக்ஸ் + 7ன்னு வச்சுக்குங்க. 2-ஐ வெளிய எடுத்தா 2(எக்ஸ்² − 6எக்ஸ்) + 7. உள்ள (எக்ஸ் − 3)² − 9ன்னு ஆகும். இப்ப அந்த −9 பிராக்கெட்டை விட்டு வெளிய வர்றப்ப 2-ஆல பெருகி −18 ஆகணும், நிறைய பேர் −9-ஐ அப்படியே வெளிய எடுத்துட்டு −2ன்னு எழுதிடுவாங்க. சரியான விடை 2(எக்ஸ் − 3)² − 11, அப்ப மினிமம் −11, எக்ஸ் 3-ல. இது எட் மேத்ஸ் தப்பு இல்ல, பிராக்கெட் தப்பு. டீச்சர் சொல்றது இதுதான்.

பாகான்_அக்கா
தங்கச்சி, கால்குலேட்டர்ல சால்வ் பண்ற பட்டன் இருக்கே, என் பையன் கேசியோ 570-ல குவாட்ரடிக் எல்லாம் தட்டிட்டு விடை சொல்றான், அப்புறம் எதுக்குக் கையால போடணும்னு என்னைக் கேக்கறான். என்ன பதில் சொல்றது?

மெட்ரிக்_பொண்ணு
ஆண்ட்டி, 2எக்ஸ்² − 12எக்ஸ் + 7-க்கு விடை கால்குலேட்டர் குடுக்கும். ஆனா நடுவுல கே, பி மாதிரி தெரியாத எழுத்து வந்தா அது ஒண்ணும் பண்ணாது, எக்ஸ்² − கேஎக்ஸ் + 9 = 0-க்கு ரெண்டு மூலமும் ஒண்ணா இருந்தா கே என்னன்னு கேப்பாங்க. அப்புறம் பேப்பர்ல வேலையைக் காட்டலன்னா வழிமுறைக்கு உள்ள மார்க் போயிடும். நான் கால்குலேட்டரை விடையைச் சரிபாக்கத்தான் வச்சுக்குவேன். லீவுல அலமாரியிலயே இருக்கட்டும்.

எட்மேத்ஸ்_டீச்சர்
பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு. எஸ்பிஎம் பேப்பரைத் தெரிஞ்சுக்குங்க, அப்பத்தான் இது ஏன்னு புரியும். எட் மேத்ஸ் கோட் 3472. பேப்பர் 1 ரெண்டு மணி நேரம், 80 மார்க், முதல் பகுதியில 12 கேள்வியும் எழுதணும், ரெண்டாவது பகுதியில மூணுல ரெண்டு. பேப்பர் 2 ரெண்டரை மணி நேரம், 100 மார்க். ஆப்ஜெக்டிவ் கிடையாது, எல்லாமே எழுதிக் காட்டணும். ஒரு கேள்விக்குள்ளயே அ, ஆ, இன்னு போகும், முதல்ல பிசகினா அடுத்ததும் ஆடும். வேகமும் வேணும், அந்த வேகம் அல்ஜீப்ரா யோசிக்காம கையில ஓடினாத்தான் வரும். யோசிக்கிற நேரத்தை கேள்வியைப் புரிஞ்சுக்க வச்சுக்கணும், பிராக்கெட் விரிக்க செலவழிக்கக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ்_மாமா
எல்லாரும் கணக்கு கணக்குன்னு பேசறீங்க, பிள்ளைக்கு லீவே வேணாமா? வருஷம் பூரா பள்ளி, கோகுரிகுலம், டியூஷன். இந்த மூணு வாரத்துலதான் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும், கிறிஸ்மஸ், புது வருஷம் எல்லாம் வருது. அதுவும் போச்சுன்னா ஜனவரியிலயே சோர்ந்துடும். என் அக்கா மகனை அப்படித்தான் லீவு பூரா டியூஷன்ல போட்டு, பள்ளி திறந்தப்ப அவனுக்குப் புக்கைப் பாத்தாலே வெறுப்பு.

எட்மேத்ஸ்_டீச்சர்
மாமா சொல்றதை நான் முழுசா ஒத்துக்கறேன். அதனாலதான் ஒரு மணி நேரம். ஊருக்குப் போற நாள்ல அதுவும் வேணாம்.

ஜார்ஜ்டவுன்_ஐயா
ஒரு யோசனை. தமிழ்ப்பள்ளியில படிச்ச பிள்ளைன்னு அம்மா சொன்னாங்க. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் தமிழ்ல இணையத்துல இலவசமா கிடைக்குது. முதல் பாடமே உறவுகளும் சார்புகளும்தான், நம்ம பிள்ளைங்க பாரம் 4-ல முதல்ல படிக்கிற அதே விஷயம். அம்புக்குறிப் படம் போட்டு, ஒவ்வொரு உறுப்பும் எங்க போகுதுன்னு பொறுமையா விளக்கியிருக்காங்க. பங்ஷன்னா ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரே ஒரு வெளியீடுதான், இதைத் தாய்மொழியில ஒரு தடவை படிச்சா நல்லா பதியும். அப்புறம் மலாய்ப் புத்தகத்துல அதையே பாக்கலாம்.

எட்மேத்ஸ்_டீச்சர்
ஐயா நல்ல யோசனை. கருத்துக்கு அது போதும், கடைசி வாரத்துக்கு வச்சுக்கலாம். ஆனா பயிற்சிக் கணக்குக்கு நம்ம பாடநூலையே போடுங்க, சிலபஸ் வரிசை வேற.

பிறை_அம்மா
டீச்சர், இன்னிக்குக் காலையில ஏழு கணக்கும் போட வச்சேன். நான் பக்கத்துல உக்காரல, சமையல்கட்டுல இருந்துட்டேன், அவ தனியா போட்டா. முடிச்சதும் ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். அவ எழுதினதை அப்படியே சொல்றேன்.

1-வது, எக்ஸ்² − 25ன்னு எழுதியிருக்கா.
2-வது, முயற்சி பண்ணி அடிச்சு அடிச்சு விட்டுட்டா, (6எக்ஸ் − 2)(எக்ஸ் + 1)னு கடைசியா இருக்கு.
3-வது, மேல 3எக்ஸ் + 6 − 2எக்ஸ் − 2 போட்டு எக்ஸ் + 4 எழுதியிருக்கா.
4-வது, பிராக்கெட் விரிச்சு ஒய்எக்ஸ் + 4ஒய் = 5எக்ஸ் − 2 வரைக்கும் வந்து நின்னுட்டா.
5-வது, 3/2. 6-வது, ஒய் = 3எக்ஸ் − 1. 7-வது, எக்ஸ் 2, ஒய் 3.

முதல் நாலும் தப்புன்னு சொன்னதும் கொஞ்சம் அழுகை வந்துடுச்சு. நான் திட்டவே இல்ல டீச்சர். பாவம், அவளுக்கே எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்திருக்கு.

எட்மேத்ஸ்_டீச்சர்
அம்மா, மகளைக் கூப்பிட்டு இதைப் படிக்கச் சொல்லுங்க, அவளுக்குத்தான் எழுதறேன்.

தங்கச்சி, 5, 6, 7 மூணும் சரி. 9-ஐயும் 27-ஐயும் 3-ஆ மாத்தணும்னு நீயே கண்டுபிடிச்சிருக்க, லாகரிதம் சாப்டர்ல பாதி வேலை அதுதான். சைமல்டேனியஸ் சரி, நேர்கோடு சரி. உனக்குக் கணக்கு வரலன்னு இந்தத் தாள் சொல்லல. உனக்கு ரெண்டே விஷயம் பாக்கி இருக்கு, ரெண்டும் பாரம் 2-ல ஒரே இடத்துல இருக்கு.

முதல் விஷயம் பிராக்கெட். (எக்ஸ் − 5)²னா (எக்ஸ் − 5)-ஐ ரெண்டு தடவை எழுதிப் பெருக்கணும். எக்ஸ் × எக்ஸ், எக்ஸ் × −5, −5 × எக்ஸ், −5 × −5. நாலு பெருக்கல், நடுவுல ரெண்டு சேர்ந்து −10எக்ஸ். சந்தேகம் வந்தா எக்ஸ்க்கு 1 போட்டுப் பாரு, (1 − 5)² 16, உன்னோட எக்ஸ்² − 25-ல 1 − 25 = −24. ரெண்டும் வேற வேற, அப்ப தப்புன்னு உனக்கே தெரிஞ்சிடும், யாரையும் கேக்க வேணாம். இந்த 1 போட்டுப் பாக்கறதை வழக்கமாக்கிக்க. 3-வதுலயும் இதே கதை, −2-ஐ (எக்ஸ் − 1)-க்குள்ள அனுப்பறப்ப −2 × −1 = +2. மேல 3எக்ஸ் + 6 − 2எக்ஸ் + 2, அதாவது எக்ஸ் + 8. மைனஸுக்குப் பின்னாடி பிராக்கெட் வந்தா அடுத்த வரியில பிராக்கெட்டோடயே எழுது, அதுக்கு அடுத்த வரியில விரி. அவசரப்பட்டு ஒரே வரியில செய்யாத.

ரெண்டாவது விஷயம் காரணிப்படுத்தறது. 6எக்ஸ்² − எக்ஸ் − 2-க்கு 6 × −2 = −12. பெருக்கினா −12, கூட்டினா −1 வர்ற ரெண்டு நம்பர், −4, 3. நடுவுல இருக்கிற −எக்ஸை −4எக்ஸ் + 3எக்ஸ்னு உடை. 2எக்ஸ்(3எக்ஸ் − 2) + 1(3எக்ஸ் − 2). மிச்சத்தை நீ முடி. நீ 4-வதுல நின்ன இடமும் இதேதான், எக்ஸ் உள்ளதெல்லாம் ஒரு பக்கம் கொண்டு வந்து எக்ஸை வெளிய எடுக்கிறது.

முதல் வாரம் பிராக்கெட்டும் காரணியும் மட்டும். ரெண்டாவது வாரம் அல்ஜீப்ரா பின்னம், ஃபார்முலா திருப்பறது. மூணாவது வாரம் இந்த ஏழுல முதல் நாலையும் வேற நம்பர் போட்டு மறுபடி. வந்துடுச்சுன்னா ஐயா சொன்ன பங்ஷன் பாடத்தை வாசி.

மெட்ரிக்_பொண்ணு
தங்கச்சி, முதல் நாள் எனக்கு இதைவிட மோசமா இருந்துச்சு, நிஜமா. சந்தேகம் வந்தா இங்க கேளு, நான் லீவுல வீட்லதான் இருப்பேன்.

செந்தூல்_அப்பா
டீச்சர், அந்த 1 போட்டுப் பாக்கற முறையை என் சின்னவன்கிட்ட இப்பவே காட்டினேன், அவன் பாரம் 2 முடிச்சவன். நல்லா இருக்கு. பெரியவன் விஷயத்துல நான் சொன்னதை மாத்திக்க மாட்டேன், ஆனா சின்னவனுக்கு முதல்ல இந்த ஏழையும் குடுத்துப் பாத்துட்டு அப்புறம் அடுத்த லீவு டியூஷன் பத்தி முடிவு பண்றேன்.

பாகான்_அக்கா
வீட்ல சத்தம், டிவின்னு பையன் உக்காரவே மாட்டேங்கறான். எங்கயாச்சும் இடம் இருக்கா?

ஜார்ஜ்டவுன்_ஐயா
நீங்க மெயின்லேண்ட்னா செபராங் ஜெயா பொது நூலகத்துல உக்காரலாம். தீவுப் பக்கம் வந்தா கிரீன் லேன்ல டிஜிட்டல் லைப்ரரி இருக்கு, 2016-ல திறந்தது, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் வளாகத்துல. ஏசி, மேசை, நாற்காலி எல்லாம் இருக்கு, பிள்ளைங்க நிறைய பேர் அங்க உக்காந்து படிக்கிறதைப் பாக்கலாம். லீவு நாள்ல நேரம் மாறும், போறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க.

பிரிக்பீல்ட்ஸ்_மாமா
கேஎல்ல இருக்கிறவங்களுக்கு ஜாலான் துன் ரசாக் நேஷனல் லைப்ரரி.

பிறை_அம்மா
டீச்சர், அவ உங்க பதிலை ரெண்டு தடவ படிச்சா. 2-வதை அவளே முடிச்சிட்டு (3எக்ஸ் − 2)(2எக்ஸ் + 1)னு கொண்டாந்து காட்டினா, எக்ஸ்க்கு 1 போட்டு 3 வருதுன்னும் சொன்னா. டெலிமால புக்கு கிடைச்சிடுச்சு, பாரம் 2 சாப்டர் 2 பிரிண்ட் எடுத்தாச்சு. கிராஷ் கோர்ஸ் வேணாம்னு அவங்க அப்பாகிட்டயும் பேசிட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும், ஜனவரியில பள்ளி திறந்ததும் டியூஷன் சேக்கணுமா, இல்ல பள்ளியில படிக்கிறதை வச்சே பாக்கலாமா?

எட்மேத்ஸ்_டீச்சர்
முதல் மாசம் விட்டுப் பாருங்கம்மா. பள்ளியில சிக்கு குடுக்கிற லத்திஹானை (பயிற்சிக் கணக்கை) அன்னன்னிக்கே முடிக்கிறாளான்னு மட்டும் கவனிங்க, எட் மேத்ஸ்ல ரெண்டு வாரம் சேத்து வச்சா பிடிக்க முடியாது. பங்ஷன் சாப்டர் முடிஞ்சு டெஸ்ட் வைப்பாங்க, அந்தப் பேப்பரை எடுத்துட்டு அவளோட சிக்குகிட்டயே போய்க் கேக்கச் சொல்லுங்க, எந்த வரியில மார்க் போச்சுன்னு. அதுக்கப்புறமும் தனியா ஆள் வேணும்னு தோணுச்சுன்னா சின்ன கூட்டமா உள்ள இடமாப் பாருங்க, பிள்ளை எழுதறதை வாத்தியார் நேர்ல பாக்கணும்.

பாகான்_அக்கா
டீச்சர் என் பையனும் ஏழும் போட்டிருக்கான், 4-வதுக்கு மட்டும் விடை இங்க யாரும் சொல்லலியே?

எட்மேத்ஸ்_டீச்சர்
எக்ஸ் = (−4ஒய் − 2)/(ஒய் − 5). மேலயும் கீழயும் −1-ஆல பெருக்கி (4ஒய் + 2)/(5 − ஒய்)னு எழுதியிருந்தாலும் சரிதான். எக்ஸ்க்கு 2 போட்டுச் சரிபாக்கச் சொல்லுங்க, ஒய் 8/6 வரும், அதை 4/3-ன்னு சுருக்கி இதுல போட்டா மறுபடி 2 கிடைக்கணும். பின்னம் வர்றதால கொஞ்சம் வேலை வாங்கும், அதுவும் பயிற்சிதான்.